உங்களுக்குத் தெரியுமா? குக்கூ சிக்னலும் ரக்கூன் பூட்டும்!

ரொறன்ரோவின் போக்குவரத்து விளக்குகளுக்குப் பாடத் தெரியும்! அதுவும் திசைக்கு ஒரு பாட்டு!

வடக்கு தெற்காகக் கடப்பவருக்கு ‘குக்கூ’. கிழக்கு மேற்காகக் கடப்பவருக்கு ‘கனேடியன் மெலடி’ என்ற வேறொரு இசை. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்டில் நின்று லோறன்ஸ் அவெனியுவைக் குறுக்கே கடக்கிறீர்களா? உங்களுக்கு குக்கூ! வோர்டன் அவெனியுவைக் கடக்கிறீர்களா? உங்களுக்கு மெலடி! எந்த றோட்டைக் கடக்க வழி விட்டிருக்கிறார்கள் என்பது பார்வை இல்லாதவருக்குக் காதிலேயே வந்து சேர்ந்துவிடும்!

இந்தப் பாட்டை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையா? கேட்டிருக்க மாட்டீர்கள்! நாமெல்லாம் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவசரப்படுகிற ஆட்கள். இந்த வசதி பொருத்திய சந்தியில் பொத்தானை அழுத்தியபடி பிடித்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? முழுசாக 3 வினாடி!

பார்வை இல்லாதவர் அந்தக் கம்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் தேட வேண்டியதே இல்லை! கம்பமே ‘டிக்... டிக்...’ என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கும்! பொத்தானில் ஓர் அம்புக்குறி புடைத்திருக்கும். கடக்கும் நேரம் வந்ததும் அது விரலுக்குக் கீழே அதிரும்! பார்வையும் இல்லை, காதும் கேட்காது என்றாலும் பச்சை விழுந்தது தெரியும்! அடுத்த முறை குளிருக்குள் நிற்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள்!

இப்படி ஆளைப் பார்த்துப் பொருளைச் செய்வதற்கு ஒரு துறையே இருக்கிறது! பெயர், மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பு. அதற்கு உலகத் தர எண்ணும் உண்டு: ஐஎஸ்ஓ 9241! ஒரு பொருள் பாவிக்கச் சுகமானதா என்று அளக்க அது கேட்பது மூன்றே கேள்விகள். வேலை முடிந்ததா? வீண் சிரமம் இல்லாமல் முடிந்ததா? பாவித்தவருக்குத் திருப்தியா? அவ்வளவுதான்!

இரவு பத்து மணி. லோறன்ஸ் பஸ்ஸில் வருகிறீர்கள். வீடு இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவில். நடுவிலேயே இறங்கலாம், தெரியுமா? இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை, ரிரிசி பஸ்ஸில் ஒரு தரிப்பிடத்துக்கு முன்னதாகவே சாரதியிடம் சொல்லிவிட்டால் போதும். பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடத்தில் நிறுத்துவார், முன்கதவால் இறங்கலாம்! 1991-ல் தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்காக வந்த ஏற்பாடு இது. இன்று கேட்கிற எவருக்கும் உண்டு! செலவு? ஒரு சதம் கூட இல்லை! எனக்குத் தெரிந்து இந்த நகரத்தின் மிக மலிவான, மிக அருமையான வடிவமைப்பு இதுதான்!

“அடுத்த தரிப்பிடம் வோர்டன்” என்று பஸ் தானாகச் சொல்கிறதே, அதுவும் தானாக வந்ததில்லை! வழக்குப் போட்டு வந்தது! டேவிட் லெபொஃப்ஸ்கி என்ற பார்வையற்ற வழக்கறிஞர் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2005-ல் சுரங்க ரயிலுக்கு வென்றார். 2007-ல் பஸ்ஸுக்கும் ஸ்ட்ரீட்காருக்கும் வென்றார். எதிர்த்து வாதாட ரிரிசி செலவழித்த தொகை 4,50,000 டொலர்! அந்தக் காசுக்கு ஒரு ஆளை இருத்தி வாயாலேயே பல வருடம் சொல்ல வைத்திருக்கலாம்!

இன்று அந்தக் குரலை அதிகம் நம்பியிருப்பது யார்? கண் நன்றாகத் தெரிகிற நாங்கள்தான்! செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு வருகிறவருக்கும், பனி மூடிய யன்னலோரம் இருப்பவருக்கும் வேறு என்ன வழி?

ரொறன்ரோ சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது 1954-ல். பாதைகளை 1, 2, 3, 4 என்று எண்ணால் காட்டத் தொடங்கியது எப்போது? 2014-ல்! ‘புளோர் டான்ஃபோர்த்’ என்று வாய் சுளுக்கிய புதியவர்களுக்கு ‘2’ என்ற ஒற்றை எண் வந்து சேர 60 வருடம்! ஸ்காபரோவுக்குக் கிடைத்த எண் 3. அது 2023 ஜூலை 24-ல் தண்டவாளம் விட்டு இறங்கியது. திரும்பி ஏறவே இல்லை!

நடைமேடை விளிம்பில் காலுக்குக் கீழே புடைத்திருக்கும் மஞ்சள் பட்டையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது ஒரு நட்பின் கதை! பார்வை மங்கிவந்த ஒரு நண்பருக்காக ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் 1965-ல் உருவாக்கியது. முதலில் பதித்த இடம் ஒகயாமா நகரம், பார்வையற்றோர் பாடசாலைக்குப் பக்கத்து வீதி. திகதி 1967 மார்ச் 18. இன்று அது இல்லாத பெருநகரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

கட்டிடங்களில் சிவப்பு எழுத்தில் ‘எக்சிற்’ என்று இருந்த பலகை எங்கே போனது? அந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு ஆள் கதவால் ஓடுகிறார்! அவரும் ஜப்பான்காரர்! வரைந்தவர் யுகியோ ஓடா. கனடாவின் தேசியக் கட்டிட விதி அவரை 2010-ல் உள்ளே எடுத்தது. நெருப்புப் பிடித்தால் ஆங்கிலம் வாசிக்கத் தேவையில்லை, ஓடத் தெரிந்தால் போதும்!

இனி, வெக்ஸ்போர்டில் வீட்டுக்கு வீடு நிற்கும் ஒரு மகா அதிசயத்துக்கு வாருங்கள். பச்சைக் குப்பை வாளி!

அந்த வாளியின் மூடியில் உள்ள திருகுபிடி உங்களுக்காக மட்டும் செய்யப்பட்டதில்லை. ரக்கூனுக்காகவும் செய்யப்பட்டது! சாப்பாட்டுக் கழிவைத் தேடி இரவில் வரும் அந்த முகமூடித் திருடர்களைத் தடுக்க ரொறன்ரோ நகரசபை ஒதுக்கிய தொகை 3 கோடியே 10 லட்சம் டொலர்!

சிக்கலைப் பாருங்கள். எண்பது வயது அம்மம்மாவின் மூட்டுவலிக் கை திறக்க வேண்டும். ரக்கூன் கை திறக்கக் கூடாது. ரக்கூனோ லேசுப்பட்ட சீவன் இல்லை. ஐந்து விரல், அபாரமான தொடுவுணர்வு, விடிய விடிய நேரம்! அதனிடம் இல்லாத ஒன்று என்ன? நம்மைப் போல மற்ற விரல்களுக்கு எதிரே மடங்கும் பெருவிரல்! பிடித்துத் திருகத்தான் அந்தப் பெருவிரல் வேண்டும். ஆகவே மூடியில் திருகுபிடி! ஒரு முழு நகரத்தின் பூட்டு, ஒரு பெருவிரலை நம்பி நிற்கிறது!

சரி, குப்பை எடுக்கிறவர் ஒவ்வொரு வாளியாகத் திருகிக்கொண்டா நிற்பார்? அதற்கும் யோசித்திருக்கிறார்கள்! லொறியின் இயந்திரக் கை வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பூட்டு தானாகவே விட்டுவிடும்!

இன்னும் கேளுங்கள். வாளியைச் சோதிக்க நிஜ ரக்கூன்களையே கூப்பிட்டார்கள்! உள்ளே மணக்க மணக்கச் சாப்பாடு வைத்து, இரவில் வெளியே விட்டுக் காத்திருந்தார்கள். இந்தச் சோதனையில் இருந்தவர் யோர்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் சூசன் மக்டொனால்ட். பாவிப்பவரைக் கூப்பிட்டுச் சோதிப்பது இந்தத் துறையின் வழக்கம். பாவிக்கக் கூடாதவரைக் கூப்பிட்டுச் சோதித்த ஊர் இது!

2016-ல் வாளிகள் வீட்டுக்கு வீடு வந்து இறங்கின. வெற்றி! வெற்றி! 2018-ல் ஒரு பத்திரிகையாளரின் வீட்டில் ஒரு பெண் ரக்கூன் வாளியைச் சரித்து விழுத்தியது, பிடியைத் திருப்பியது, மூடியைத் திறந்தது, சாப்பிட்டது! எல்லாம் கமராவில்! 3 கோடி டொலர் ஒரு பக்கம், பசித்த ரக்கூன் ஒரு பக்கம். நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள்!

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் கிட்ட. லோறன்ஸ் அவெனியுவிலேயே இருக்கிறது!

வெக்ஸ்போர்ட் ஹைட்ஸ் பிளாசாவுக்குப் போனதுண்டா? லோறன்ஸ் வழியே இருக்கும் பல பிளாசாக்களின் அமைப்பேதான். பின்னால் கடைகள், முன்னால் கடலாய் விரிந்த கார் தரிப்பிடம். 2019 கோடையில் அந்தத் தரிப்பிடத்தின் ஒரு துண்டு திடீரென்று காணாமற்போனது! அந்த இடத்தில் மர வாங்குகள், மேசைகள், நிழல், செடிகள்! பெயர் ‘வெக்ஸ்பொப்ஸ்’!

செய்தவர்கள் யார்? குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் நிலக்காட்சி வடிவமைப்பு ஆட்களும், டானியல் ரொட்ஸ்டைன் என்ற ரொறன்ரோப் புவியியலாளரும். வரைபடத்தை வைத்துக்கொண்டு தொடங்கவில்லை. முதலில் அயலில் இருக்கிறவர்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டு இருத்திக் கேட்டார்கள்: உங்களுக்கு இங்கே என்ன வேண்டும்?

பதில் ஒன்றும் பெரிய இரகசியம் இல்லை. இருக்க ஓர் இடம்! சாப்பாட்டை வாங்கிக்கொண்டு காருக்குள்ளேயே இருந்து சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரிந்த பதில்! காசு கொடுக்காமல், யாரும் எழும்பிப் போகச் சொல்லாமல், நாலு பேர் இருந்து கதைக்கக்கூடிய இடம் ஸ்காபரோவின் இந்த நீண்ட தெருக்களில் எத்தனை இருக்கிறது? எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் மிஞ்சும்!

பூங்கா கட்டக் காணி வாங்க வேண்டும், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவர்களுக்குத் தேவைப்பட்டது சில கார்கள் நிற்கும் இடம், அதுவும் ஒரே ஒரு கோடைக்கு! அந்த யோசனை ‘பிளாசாபொப்ஸ்’ என்ற பெயரில் பிறகு நகரத்தின் மற்றப் பிளாசாக்களுக்கும் போனது. முதல் வித்து விழுந்தது நம்ம வெக்ஸ்போர்டில்!

ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்க எத்தனை பேர் வேண்டும்? ஆயிரம்? ஐந்நூறு? டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் சொன்ன எண்ணிக்கை 5! ஐந்து பேரை இருத்திப் பாவிக்க விட்டு, வாயை மூடிக்கொண்டு பார்த்தாலே 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்! இதில் கஷ்டமான வேலை ஐந்து பேரைப் பிடிப்பதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிவிட்டு அசடு வழிந்திருக்கிறீர்களா? வெட்கப்படாதீர்கள், அது கதவின் பிழை! அப்படிப்பட்ட கதவுகளுக்கு உலகம் வைத்த பெயர் ‘நோர்மன் கதவு’! 1988-ல் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதிய டொனால்ட் நோர்மனின் பெயர். கதவைக் குற்றம் சொன்னவரின் பெயரையே கதவுக்கு வைத்துவிட்டார்கள், பாவம்!

உங்கள் வீட்டுக் கருவிப்பெட்டியைத் திறவுங்கள். தலையில் சதுரக் குழி உள்ள ஸ்குறு ஒன்றாவது இருக்கும். அது ஒன்ராறியோவின் சொந்தப் பிள்ளை! ரொறன்ரோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் மில்டன். அங்கே 1908-ல் அதைக் கண்டுபிடித்த பி. எல். றொபேட்சன் தொழிற்சாலை போட்டார்!

ஏன் சதுரம்? நேர்கோட்டு ஸ்குறுவில் ஸ்குறூ டிரைவர் வழுக்கி இவரது கையையே கிழித்ததாம்! சதுரத்தில் வழுக்காது. நுனியில் மாட்டி விட்டால் விழாமல் நிற்கும். ஏணியில் ஏறி நின்று ஒரு கையாலேயே பூட்டலாம்! அளவை எப்படி அறிவது? வாசிக்கவே தேவையில்லை. கைப்பிடியின் நிறத்தைப் பாருங்கள்: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு. சின்னதிலிருந்து பெரிதுக்கு அதே வரிசை!

ஹென்றி ஃபோர்ட் இதன் உரிமையைக் கேட்டார். றொபேட்சன் கொடுக்க மறுத்தார்! அதனால்தான் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் கடைகளில் பெரும்பாலும் சிலுவைத் தலை ஸ்குறு. ஒரு மனிதரின் பிடிவாதம், இரண்டு நாட்டுக்கு இரண்டு கருவிப்பெட்டி!

மணி இரண்டு என்றால் பகலா, இரவா? இந்தக் குழப்பத்தில் ஒருவர் ரயிலை விட்டார். உலகமே நேரத்தை மாற்றியது! 1876, அயர்லாந்து. கால அட்டவணையில் முற்பகலும் பிற்பகலும் இடம்மாறி அச்சாகிவிட்டது. நிலையத்தில் இரவு முழுக்க மாட்டிக்கொண்டவர் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங், கனடாவின் பெரிய ரயில் பொறியியலாளர்! நாம் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இவர் 24 மணி நேரக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்! 1879 பெப்ரவரி 8-ல் இதே ரொறன்ரோவில், றோயல் கனேடியன் இன்ஸ்டிடியூட்டில், உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரம் வேண்டும் என்று வாசித்தார். கொசுறு: 1851-ல் வந்த கனடாவின் முதல் தபால் முத்திரையை வரைந்தவரும் இவரேதான்!

அலகு மாறினால் என்ன ஆகும்? விமானம் நடுவானில் நிற்கும்! 1983 ஜூலை 23. எயார் கனடா 143. கிலோவில் கணக்கிட வேண்டிய எரிபொருளை இறாத்தலுக்கான எண்ணால் பெருக்கிவிட்டார்கள். பாதி கூட இல்லை! இரண்டு இயந்திரமும் நின்றுபோய், மிதந்தபடியே மனிடோபாவின் கிம்லி என்ற இடத்தில், கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த பழைய ஓடுபாதையில் இறங்கியது! உள்ளே இருந்தவர்கள் 69 பேர். உயிரிழந்தவர்கள் 0!

பணப்பையில் கையை விடுங்கள். கனடியத் தாளின் மூலையில் சின்னப் புள்ளிக் கூட்டங்கள் தட்டுப்படும். 5 டொலருக்கு ஒரு கூட்டம். 10-க்கு இரண்டு. 20-க்கு மூன்று. 50-க்கு நான்கு. பிரெய்ல் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! பார்வையற்றவர்களில் பலருக்குப் பிரெய்ல் வாசிக்கத் தெரியாது. ஆனால் நாலு வரை எண்ண எல்லோருக்கும் தெரியும்! ஊர்ப் பக்கத்துக் காசும் சளைத்ததில்லை. இந்தியாவின் புதிய 500 ரூபாய்த் தாளின் இரு ஓரத்திலும் புடைத்த கோடுகள் 5. 100 ரூபாய்த் தாளில் 4!

இரண்டு விரலால் படத்தை விரிக்கிறீர்களே, அந்தப் பல விரல் வித்தையின் வேர்களில் ஒன்று எங்கே இருக்கிறது? கலிபோர்னியாவில் என்றால் தப்பு! ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில்! 1982-ல் நிமிஷ் மேத்தா என்ற மாணவர் முதுகலைப் பட்டத்துக்காகச் செய்தார். பனி படிந்தது போன்ற கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு கமரா. விரல் பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. பல விரலை ஒரே நேரத்தில் கண்டுபிடித்த முதல் கருவிகளில் ஒன்று அது! ஐபோன் வந்தது எப்போது? 25 வருடம் கழித்து!

தொலைபேசியில் 1, 2, 3 மேலே. கணிப்பானில் 7, 8, 9 மேலே! கவனித்ததுண்டா? தொலைபேசிக்காரர்கள் ஆட்களைக் கூப்பிட்டு, எண்களை வட்டமாகவும் நீளமாகவும் சதுரமாகவும் அடுக்கிக் கொடுத்து, யார் எவ்வளவு வேகமாகத் தட்டுகிறார்கள், எவ்வளவு பிழை விடுகிறார்கள் என்று அளந்தார்கள். அளந்தது பெல் ஆய்வுகூடம், அறிக்கை வந்தது 1960-ல். அன்றிலிருந்து நம் விரல் இரண்டு கணக்கையும் சுமக்கிறது!

விசைப்பலகை என்றதும் நெஞ்சை நிமிர்த்துங்கள், நம் கதை வருகிறது!

247 எழுத்து. ஒரே ஒரு தட்டச்சுப் பொறி. எப்படி அடக்குவது? அடக்கிக் காட்டியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா! அவரது சூட்சுமம் நகராத விசை! அதைத் தட்டினால் குறி விழும், ஆனால் தாள் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும், புள்ளி தலையில் ஏறிக்கொள்ளும்! அவரது கையடக்கப் பொறியைச் செய்துகொடுத்தது ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம்!

1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935-லேயே தமது குடி அரசு இதழில் அச்சிட்டுக் காட்டிய வடிவங்கள்! ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் கொம்பும் சுழியும் போய்ப் பொது வடிவம் வந்தது. மாறியவை எத்தனை எழுத்து? வெறும் 13! அச்சுக் கோப்பவர்களின் பெட்டியில் அத்தனை அறை மிச்சம்!

தமிழ்99 விசைப்பலகையைப் பாவிக்கிறவர்களுக்கு மட்டும் இந்தச் சந்தோஷம். ‘அம்மா’ என்று எழுத எத்தனை தட்டு? அ, ம, ம, ஆ. நான்கே நான்கு! புள்ளி எங்கே? நீங்கள் வைக்கவே வேண்டாம்! ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பிறகு க வந்தாலும், ந-வுக்குப் பிறகு த வந்தாலும், ம-வுக்குப் பிறகு ப வந்தாலும் அப்படியே! ‘பங்கு’ எழுதிப் பாருங்கள். ப, ங, க, உ. அதுவும் நான்கு! தமிழ்ச் சொல்லில் எது எதன் பின்னால் வரும் என்பது பலகைக்கே தெரியும்!

உயிரெழுத்து இடக்கைக்கு. மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு. அ-வுக்கு நேர் மேலே ஆ. இ-க்கு நேர் மேலே ஈ. உ-வுக்கு நேர் மேலே ஊ. குறில் கீழே, நெடில் மேலே! 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் பிறந்தது. இதைப் பழகாமல் ஆங்கிலத்தில் ‘ஏ-எம்-எம்-ஏ-ஏ’ என்று ஐந்து முறை தட்டுகிற பெடியளை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்!

உங்கள் ஐபோனிலும் மாக் கணினியிலும் தமிழ் வாசிக்கிறீர்களா? அதிலுள்ள எழுத்துருவின் பெயர் ‘தமிழ் சங்கம் எம்என்’. எம்என் யார்? மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன்! அதே கை வரைந்த மற்ற இந்திய மொழிகளின் எழுத்துருக்களும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன! ஆப்பிளுக்குள் ஒரு தமிழரின் முதலெழுத்து!

செல்போனே இல்லாத பிள்ளைக்கு? ரொறன்ரோ பொது நூலகம் சாதாரணத் தொலைபேசியில் கதை சொல்கிறது! ‘டயல் எ ஸ்ரோரி’. எண்ணைச் சுழற்றினால் போதும், மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழும் உண்டு! திரை வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அழுத்தவும் வேண்டாம்!

செயற்கைக் கால் என்றால் சப்பாத்து மாட்ட வேண்டும் என்றுதான் மேற்குலகம் நினைத்தது. வெறுங்காலில் நடக்கிறவருக்கு? சப்பணம் கட்டி இருக்கிறவருக்கு? குந்தியிருந்து வேலை செய்கிறவருக்கு? வயல் சேற்றில் இறங்குகிறவருக்கு? ராம்சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968-ல் ஜெய்ப்பூரில் ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். எல்லாப் பக்கமும் வளையும்! மரம் கூட ஏறலாம்! போரில் காலை இழந்த எத்தனையோ பேரை யாழ்ப்பாணத்தில் எழுந்து நடக்க வைத்ததும் இந்த ஜெய்ப்பூர்க் கால்தான்!

கிராமத்து அடிபம்பு பழுதானால் முன்பெல்லாம் நகரத்திலிருந்து ஆட்களும் வண்டியும் வரும்வரை தண்ணீர் இல்லை. முழுக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும்! கோயம்புத்தூர்ப் பகுதியில் 1983 முதல் 1988 வரை கிணற்றோரமாகவே சோதித்தார்கள். குழாயை 32 மில்லிமீற்றரிலிருந்து 65 மில்லிமீற்றராக அகலப்படுத்தினார்கள். இப்போது குழாய் அப்படியே இருக்க, உள்ளுறுப்பை மட்டும் மேலே தூக்கிவிடலாம்! ஊர் ஆட்களே பழுது பார்க்கலாம்! இந்தியா மார்க் 3 என்று பெயர்!

இரண்டாம் உலகப் போர். பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு, நின்ற இடத்திலேயே வயிறு தரையில் பட விழுந்தன! விமானிகளின் பிழை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். இறக்கை மடலின் விசையும் சக்கரத்தின் விசையும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில்! ஒன்றின் தலையில் சின்ன ரப்பர்ச் சக்கரம், மற்றதில் இறக்கை போன்ற தட்டை ஆப்பு. தீர்ந்தது! கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். பெரிய பயணிகள் விமானங்களில் சக்கர விசையின் பிடி இன்றைக்கும் சக்கர வடிவில்தான் இருக்கிறது! அது சட்டம்!

கடைசியாக ஒன்று. நல்ல மனது மட்டும் போதுமா? 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல், புளோரிடாவின் பாம் பீச். முதியவர்களின் கண்ணுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று தேர்தல் அதிகாரி வாக்குச் சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்துப் பெருத்ததும் பெயர்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. இரண்டு பக்கமாக விரித்து, குத்தும் துளைகளை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் அவரது துளை மூன்றாவது! இரண்டாவது துளை வலப்பக்கத்து பட் புக்கானனுடையது. அந்த ஒரு மாவட்டத்தில் புக்கானனுக்கு விழுந்த வாக்குகள் 3,400-க்கும் மேல். இவ்வளவு எப்படி என்று புக்கானனே வியந்தார்! புளோரிடா முழுவதிலும் ஜோர்ஜ் புஷ் முந்தியது எத்தனை வாக்கால்? 537!